எந்த ஒரு ரூபாய்?

ஸ்ரீரங்கம்,
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய செடிப் படங்கள் ஏழும் வந்தன. வாட்ஸ்அப்பிலேயே பதில் தட்டியிருப்பேன். ஆனால் கவருக்குள் வைத்து அனுப்ப ஒரு சாமான் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. பேத்தி பிளஸ் ஒன்னில் பயாலஜி எடுத்திருக்கிறாள். உன் கிணறு கைக்கெட்டும் தூரத்துக்கு நிரம்பிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து தோப்புக்கு வந்து நாலு நாள் உட்கார வேண்டும் போலிருக்கிறது.

சரி, உன் செடிக்கு வருகிறேன். "இது கீழாநெல்லிதானே?" என்று கேட்டிருக்கிறாய். இலை வரிசைக்கு அடியில் காய் தொங்குவது தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல உன் படம் விடவில்லை. மழை விட்டதும் தென்னை மரத்தடியில் முளைப்பது ஒரே செடி இல்லையப்பா. நாம் கீழாநெல்லி என்று பறிக்கிற பில்லாந்தஸ் அமாரஸ் இருக்கும். பக்கத்திலேயே அதன் பங்காளி பில்லாந்தஸ் யூரினேரியாவும் நிற்கும். அமாரஸின் காய் வழவழவென்று, ஒன்றிரண்டு மி.மீ. காம்பில் தொங்கும். மற்றதன் காய் காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி, மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். விதையைப் பார்த்தால் சந்தேகமே வராது: அமாரஸுக்கு நீளவாக்கில் வரிகள், யூரினேரியாவுக்குக் குறுக்கே. ஆனால் அந்த விதை முழுசாகவே ஒரு மி.மீ.தான்!

பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தாயே, அந்த யோசனை வந்ததற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். ஆனால் எந்த ஒரு ரூபாய்? 1992இல் வந்த ஸ்டீல் காசு 25 மி.மீ. அகலம். 2011இல் வந்தது 22. 2019இல் வந்தது 20. மூன்றும் உன் சட்டைப்பையில் ஒன்றாகக் கிடக்கலாம். உன் படத்தில் காசு வெயிலில் பளிச்சிட்டு வெள்ளை வட்டமாகிவிட்டது, வருஷம் படிக்க முடியவில்லை. 20 மி.மீ. காசை 25 என்று நான் எடுத்துக்கொண்டால் இரண்டு மி.மீ. காய் இரண்டரையாகிவிடும்.

சிரிக்காதே, நான் செய்ததைக் கேள். போன வருஷம் கொள்ளிடக் கரையில் இதே ஜாதிச் செடி ஒன்றை இடது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலைத் தரையில் போட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து திரையில் அளந்தால் காய் நாலு மி.மீ.! புது இனமே கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம்தான் உறைத்தது. போனிலிருந்து காய் ஒரு சாண் தூரம், ஸ்கேல் இரண்டு சாண். தள்ளிக் கிடந்த ஸ்கேல் பாதியாகத் தெரிந்தது, அதை வைத்து அளந்த காய் இரட்டிப்பானது. ஸ்கேல் இல்லாமல் எடுத்திருந்தால் "தெரியவில்லை" என்றாவது சொல்லியிருப்பேன்.

ஆகவே செடியும் ஸ்கேலும் ஒரே மட்டத்தில் கிடக்க வேண்டும், போன் நேர் மேலே இருக்க வேண்டும். காய் உருண்டை என்பதால் ஸ்கேலுக்கு அடியில் ஒரு தீக்குச்சி கொடுத்துத் தூக்கினால் சரியாக வரும். மூக்கு முட்டுகிற மாதிரி கிட்டே போகாதே. கொஞ்சம் விலகி நின்று, இரண்டு மடங்கு ஜூம் போட்டு எடு. நிழலில் எடு. வெள்ளைத் தாளில் வைத்தால் கேமரா ஏமாந்து செடியைக் கறுப்பாக்கும், அதனால் திரையில் செடி மேலேயே விரலால் தொட்டுவிடு. கிளை முழுசாக ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, காம்போடு காய், பிதுக்கி எடுத்த விதை. ஒவ்வொன்றிலும் ஸ்கேல். அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பு, இல்லாவிட்டால் விதையின் வரியெல்லாம் கரைந்துபோகும்.

திருச்சி வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில், அதுதான் அந்த உலர்செடிக் காப்பகத்தில், நாம் பழைய தினத்தாள்களுக்கு நடுவே செடி அழுத்தியது நினைவிருக்கிறதா? தாளில் ஒட்டிய செடியை யார், எப்போது வந்தாலும் அளந்து பார்க்கலாம். படத்துக்கு அந்த உடம்பு கிடையாது; எடுத்த நேரத்தில் அளவு வைக்காவிட்டால் பிறகு யாராலும் வைக்க முடியாது. ஆனால் ஒன்று, காய்ந்த இலை சுருங்கிவிடும். பச்சையாக இருந்தபோது எவ்வளவு என்பதை உன் படம்தான் சொல்லும்.

உன் மச்சானுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது என்றாயே, அவரை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போ. அரைத்துக் கொடுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கவரில் இருப்பது பேத்தியின் கிராஃப் நோட்டிலிருந்து வெட்டிய துண்டு, சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துவிட்டேன், பத்து செ.மீ.க்குப் பிசகில்லை. இதை ஜெராக்ஸ் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுக்காதே. மெஷின் தாளுக்குப் பொருந்தச் சுருக்கினாலும் சுருக்கிவிடும். இன்னும் வேண்டுமென்றால் சொல், நோட்டில் பாதி மிச்சமிருக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்