அந்த அலுமாரியைத் திறந்துவிடுங்கள்

நகர நூலக ஆலோசனைக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். படியேறியதும் வலப்பக்கம் நிற்கும் கண்ணாடி அலுமாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். மந்திரம், பில்லி சூனியம் என்று மட்டையில் எழுதி ஒட்டிப் பூட்டிவைத்திருக்கிறீர்களே, அதே அலுமாரி. சென்னையில் அச்சான பழைய புத்தகங்கள், சில ஏட்டுக்கட்டுகள், தோட்டத்துக் கோடாங்கிகள் கைப்பட எழுதிய கொப்பிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு கொப்பி என் தாத்தாவுடையது. தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடான லயத்துக் கூரை ஒழுகுகிறது, நூலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பி அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார்.

அதைப் பார்க்க இந்த வருஷம் மூன்று தரம் வந்தேன். வரும்போதெல்லாம் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். முதல் தரம், திறப்பு வைத்திருப்பவர் லீவு. இரண்டாம் தரம், கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதத்தோடு வந்தபோது, "பேய் பிசாசுப் புத்தகத்தை வாசிச்சு என்ன செய்யப்போறீங்க? இதெல்லாம் கழிக்கப்போற சாமான்" என்றார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். தாத்தாவின் கொப்பி முதுகு பிரிந்து, ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சணம். மேல்தட்டு ஏடுகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அந்தக் கொப்பியில் ஒரு பக்கம் சக்கரமும் கட்டு மந்திரமும் இருக்குமாம். மறுபக்கம் யாருக்காக உடுக்கை அடித்தார், என்ன வருத்தம், எந்த லயம் என்ற விபரம். ஓரிடத்தில், "பிள்ளைக்குச் சுரம். லொறி வரவில்லை. விடியுமட்டும் அடித்தேன்" என்று எழுதியிருப்பதாக அப்பா சொல்வார். தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் எங்கள் பேரும் சம்பளமும்தான் இருக்கும். அந்த இராத்திரி இந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

மந்திரம் பலிக்குமா என்று வாதாட நான் வரவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் சூனியம் பற்றிய 3,000க்கும் மேற்பட்ட நூல்களை வைத்திருக்கிறது. சூனியக்காரிகள் என்று பழிசுமத்திக் கொன்ற காலத்து விசாரணைப் பதிவுகளும் அவற்றில் உண்டு. 1880களில் அதைத் தொடங்கிய அன்ட்ரூ டிக்சன் வைட் சூனியத்தை நம்பியவரல்ல. மூடநம்பிக்கை மனிதரை என்ன பாடு படுத்தியது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றே சேர்த்தார். இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் திரட்டிய ஏடுகளிலும் பேயோட்டும் சடங்குப் பாடல்கள் இருக்கின்றன. அவை லண்டனில் பட்டியலிடப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. நம்முடையவை நம் ஊரிலேயே உளுத்துப்போகின்றன.

2023இல், மலையகத் தமிழர் நாம் இலங்கைக்கு வந்து 200 வருஷம் என்று ஊருக்கு ஊர் மேடை போட்டோம். எங்கள் வரலாற்றை எழுத வேண்டும் என்று பேசாதவர் இல்லை. எதை வைத்து எழுதுவது? எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேர் எழுதிவைத்ததையும் கழித்துவிட்டால்?

கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த அலுமாரியைத் திறந்துவிடுங்கள். கழிக்கும் பட்டியலிலிருந்து இவற்றை எடுத்துவிட்டு, ஒழுக்கில்லாத சுவரோரம் மாற்றுங்கள். ஒட்டிய ஏடுகளை யாரும் இழுத்துப் பிரிக்க வேண்டாம், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம்.

சம்பளம் போட்ட அடுத்த கிழமை நான்காவது தரம் வருவேன். அன்றைக்குத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோடாங்கி ஒருவரின் பேரன்