மோயிங்ஜி மீன்களுக்குப் பெயர் தந்தவர்களுக்கு

வணக்கம். மோயிங்ஜி ஏரி மீன்களுக்கு பர்மியப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்த பட்டியலை நம் பெகு கோயில் மண்டபத்தில் ஒட்டியாகிவிட்டது. அடியில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அது சரியில்லை, அதனால்தான் இந்த மடல்.

சம்பான் படகு ஓட்டும் அண்ணனுக்கு முதல் நன்றி. 1878இல் பெகு-சிட்டாங் கால்வாய்க்காக வெள்ளைக்காரன் கட்டிய ஏரி, 1988இல் சரணாலயம், 2004இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பர்மாவின் முதல் இடம் என்று நான் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். "எல்லாரும் கொக்கு, தாரா பார்க்கத்தான் வருவாங்க, மீனைக் கேட்டு வந்தது நீதான்" என்று சிரித்தார். முதல் மழையில் பனையேறிக் கெண்டை கரையேறி வயலுக்கு ஊர்ந்து போகும் இடத்தையும் காட்டினார். டீசல் காசுக்கு மேல் வாங்கவில்லை.

சந்தையில் மீன் விற்கும் அமாவுக்கு (பர்மியத்தில் அக்கா) பெரிய நன்றி, ஒரு மன்னிப்பும். மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸுக்குப் போடும் ஙாக்கூ மீன் என்று நினைத்து அவர் பேசினுக்குள் கைவிட்டேன். அது முள்ளால் கொட்டும் தேளி மீன்! அதன் பக்கத் துடுப்பு முள் கட்டைவிரலில் ஏறியது. வலி முழங்கை வரை போனது. அமா திட்டிக்கொண்டே பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அதில் என் கையை அமுக்கிப் பிடித்தார். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்: ஙாக்கூவுக்கு முதுகுத் துடுப்பு வால் வரை நீளும், தேளிக்குச் சின்னதாய் ஒன்றுதான். மீசை இரண்டுக்கும் ஒரே மாதிரி. நான் மீசையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பியூந்தாசா ஊர் ஆச்சி இல்லையென்றால் தமிழ்ப் பக்கம் பாதி காலியாக இருந்திருக்கும். அவருக்குக் கண் மங்கிவிட்டது. நான் கொண்டுபோன ஙாப்பே மீனின் அடிவயிற்றில் விரலை ஓட்டி, துடுப்பு வாலோடு சேர்வதைத் தடவிப் பார்த்து, "சொட்டை வாளை, எங்கம்மா புளி ஊத்தி வைப்பா" என்றார். விராலையும் குறவையையும் ஒன்றாக எழுதியிருந்ததற்குத் தலையில் ஒரு குட்டும் கிடைத்தது.

கடைசியாக, ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன். ஜிலேபி மீனை நம் ஊர் மீன்களோடு போட்டிருந்தேன். "அது ஆப்பிரிக்காவில் இருந்து வந்ததுண்ணே" என்றான். சரிதான். பிரித்து எழுதிவிட்டேன்.

ஆரலுக்கு மட்டும் இன்னும் நல்ல படம் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.