இணை சேர்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வாரமலரின் சிறுவர் பக்கத்தில் மொன்ஸ்டர் என்னும் விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் 'டிராகன் வொரியர் மொன்ஸ்டர்ஸ்' என்ற கேம் போய் (கையடக்க விளையாட்டுக் கருவி) விளையாட்டைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். யப்பானில் 1998இலும் அமெரிக்காவில் 2000இலும் வந்த ஒரு விளையாட்டைப் பற்றி இப்போதாவது தமிழில் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் பார்சல்களில், அங்குள்ள பிள்ளைகள் பாவித்து விட்ட பழைய கேம் போய்களும் வருகின்றன. கூடவே விளக்கப் புத்தகம் வருவதில்லை. ஆகவே பத்திரிகையில் வருவதைத்தான் பிள்ளைகள் அப்படியே நம்பி விளையாடுவார்கள்.

'இரண்டு மொன்ஸ்டர்களை இணை சேர்த்தால் இரண்டுமே போய்விடும், அதனால் முதலில் கிடைக்கும் ஸ்லைமையே கடைசிவரை வளருங்கள்' என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. போய்விடும் என்பது சரி, ஆனால் அவற்றின் குட்டி கிடைக்கும். வளருங்கள் என்பதுதான் பிழை. ஒவ்வொரு இனத்துக்கும் ஏறக்கூடிய மட்டத்துக்கு (லெவல்) ஓர் உச்சம் உண்டு. ஸ்லைம் என்ற அந்த முதல் மொன்ஸ்டரை எவ்வளவுதான் சண்டைக்கு விட்டாலும், அரங்குப் போட்டியில் 'ஜி' என்ற கடைநிலை வகுப்பிலிருந்து மேலே போகப் போக அதன் அடி எடுபடாது. பிள்ளைகள் விளையாட்டு கடினம் என்று நினைத்து மூலையில் போட்டுவிடுவார்கள்.

இணை சேர்க்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டும், இரண்டும் 10ஆம் மட்டத்தையாவது எட்டியிருக்க வேண்டும். திரையில் முதலில் கேட்கும் 'பெடிகிரி' என்ற இடத்தில் வைப்பதுதான் குட்டியின் குடும்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஸ்லைமை அங்கே வைத்து டிராகனைத் துணையாகக் கொடுத்தால் ஸ்லைம் குடும்பத்துக் குட்டி கிடைக்கும். மாற்றி வைத்தால் டிராகன் குடும்பத்துக் குட்டி. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அவசரத்தில் பொத்தானை அமத்துவதால்தான் 'எனக்கு வேறொன்று வந்துவிட்டது' என்ற முறைப்பாடு வருகிறது. மொத்தம் 215 மொன்ஸ்டர்கள், 10 குடும்பங்கள். இவற்றில் பலவற்றைப் பிடிக்கவே முடியாது, சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

குட்டி 1ஆம் மட்டத்தில் பிறக்கும். ஆனால் தாய் தகப்பன் கற்ற வித்தைகளைத் தானும் கற்கும் தகுதியோடும், பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் எண்ணோடும் வரும். பெற்றோர் எவ்வளவு உயர்ந்த மட்டத்தில் சேர்ந்தார்களோ அவ்வளவுக்கு அந்த எண் கூடும். எண் கூடக் கூட உச்ச மட்டமும் கூடும். அதனால் 10 வந்த உடனே சேர்ப்பதும் நல்லதல்ல. தொடக்கத்தில் ஒன்றிரண்டு தடவை அப்படிச் செய்யலாம், பிறகு பொறுமை வேண்டும்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்குப் பிறகுதான். அணியில் மூன்று பேர்தான். மூன்றையும் ஒரே நேரத்தில் குட்டிகளாக்கிக்கொண்டு, பல தளங்கள் கொண்ட வேற்றுலகத்துக்குப் போகும் கதவுக்குள் போனால் இரண்டாம் தளத்திலேயே முடிந்துவிடும். வலுவான இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதாகக் குட்டியைக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே வென்ற ஒரு கதவுக்குள் சில தளங்கள் இறங்கினால் குட்டி மளமளவென்று ஏறிவிடும். ஒரு மொன்ஸ்டருக்கு எட்டு வித்தைக்கு மேல் நிற்காது. ஒன்பதாவது வரும்போது எதை மறப்பது என்று கேட்கும். அந்த நேரத்தில் காயம் ஆற்றும் 'ஹீல்' வரிசையை அணியில் ஒருவரிடமாவது விட்டுவைக்க வேண்டும்.

பிடித்த மொன்ஸ்டர் சொல்வதைக் கேட்காவிட்டால் அது கருவியின் கோளாறல்ல. காட்டிலிருந்து வருவதற்குக் காட்டுக்குணம் கூட இருக்கும்; திரையில் அதற்கென ஓர் எண் உண்டு. இறைச்சி கொடுக்கக் கொடுக்க அந்த எண் இறங்கும். சண்டையில் எதிரிக்கு எறியும் அதே இறைச்சிதான்: எறிந்தால் அது நம்மோடு சேர வாய்ப்புக் கூடும், நம்முடையதற்குக் கொடுத்தால் அடங்கும். அதனால் கையிலுள்ள எல்லாவற்றையும் புதிதாகப் பிடிப்பதிலேயே செலவழிக்கக் கூடாது.

தளங்களின் படத்தைக் கொப்பியில் வரைந்து வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் தளங்கள் புதிதாக மாறும், வரைந்த படம் உதவாது. அதைவிட, ஊருக்குத் திரும்பும் 'வார்ப் விங்' ஒன்று பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. அணியில் மூன்றும் விழுந்தால் கையில் உள்ள பணத்தில் பாதி போய்விடும்.

கடைசியாக ஒன்று, உங்கள் குறிப்பில் இல்லாதது. இந்த விளையாட்டின் சேமிப்பைக் காப்பாற்றுவது கார்ட்ரிஜின் (கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி) உள்ளே இருக்கும் சின்ன நாணய வடிவ பற்றரி. கேம் போயில் போடும் பற்றரிகளை மாற்றினாலும் அதற்குப் புது உயிர் வராது. இத்தனை ஆண்டுகளில் பலவற்றில் அது செத்துவிட்டது. பிள்ளை வளர்க்கத் தொடங்கும் முன்னரே சோதியுங்கள்: சேமித்து, நிற்பாட்டி, ஒரு நாள் கழித்துப் போட்டுப் பாருங்கள். சேமிப்பு இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். கார்ட்ரிஜைத் திறக்க 3.8 மில்லிமீற்றர் சிறப்புத் திருகாணிக் கருவி தேவை, சாதாரண ஸ்குறூட்றைவர் பிடிக்காது. உள்ளே உள்ள பற்றரியில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து, அதே அளவில், உலோகத் தகடு ஒட்டிய பற்றரியாக எடுக்க வேண்டும். வெறும் பற்றரியில் நேரே ஈயம் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். போன் திருத்தும் கடைக்காரரிடம் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பழையதைக் கழற்றும்போது இருக்கும் சேமிப்பும் அழியும். ஆகவே சேமிப்பு இன்னும் நிற்கிறதென்றால் விளையாட்டை முடித்த பிறகு மாற்றலாம்.

நம்முடைய செம்புழுதிக்குத் திரை எழும்பாமல் வெள்ளையாக நின்றால் கார்ட்ரிஜை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் அதன் உலோகத் தகடுகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுறோப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள்.

அடுத்த வாரச் சிறுவர் பக்கத்தில் இணை சேர்ப்பது பற்றிய திருத்தத்தையாவது, முதல் குறிப்பு வந்த அதே அளவு எழுத்தில், வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
மல்லாவி.