இஸ்திரிக்கடை அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

தோல்பாவைக் கூத்து நடந்தேவிட்டது! வெள்ளிக்கிழமை ராத்திரி அடித்த காற்றும் மழையும் நம் தொடக்கப்பள்ளியை என்ன பாடு படுத்தின என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த கிளைகளை வெட்டி வழிவிட்டவர்கள், வகுப்பறைத் தண்ணீரை இறைத்தவர்கள், தார்ப்பாய் கொடுத்தவர்கள், பேட்டரியைக் கழற்றித் தந்த லோடு ஆட்டோ தம்பி, கூத்துக் கலைஞர் குடும்பத்துக்கும் சேர்த்து உலை வைத்த சத்துணவு அக்காமார் எல்லோருக்கும் நன்றி. இஸ்திரிக்கடை அண்ணாச்சிக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கரண்ட் இல்லாததைத்தான் எல்லோரும் பெரிய தலைவலியாக நினைத்தோம். உண்மையில் அதற்கு வழி இருந்தது. 12 வோல்ட் பேட்டரியில் 55 வாட் ஹாலஜன் வண்டி முகப்பு பல்பு ஒன்று எரிந்தால் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். ஒரு மணி நேரக் கூத்துக்குத் தாராளம். டியூப் லைட்டைவிட இதுவே நல்லது. நீள விளக்கின் வெளிச்சம் பல இடத்திலிருந்து வருவதால் நிழலின் ஓரம் கலங்கும். ஹாலஜன் பல்பில் இருப்பதுபோல் சின்னக் கம்பிச்சுருள் என்றால் பாவையில் குத்திய ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரியும். சூடு மட்டும்தான் ஆபத்து. பல்பு பக்கத்தில் இருந்தால் தோல் சுருண்டுவிடும், ஒரு கை நீளமாவது தள்ளி நிற்க வேண்டும்.

சிக்கல் திரையில் இருந்தது. கலைஞர் கொண்டுவந்த திரை நனைந்து சேறாகிவிட்டது. பதிலுக்கு வாங்கிய புது எட்டு முழ வேட்டியில் கஞ்சி விறைப்பு, மடிப்புக்கு மடிப்பு கோடு. பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு மடிப்பும் கறுப்புக் கோடாகத் தெரியும். ராமரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடினால் பிள்ளைகள் கோட்டைத்தான் பார்ப்பார்கள். பாவையும் துணியில் ஒட்டி நகர வேண்டும். சுருக்கம் இருந்தால் கை மூட்டு அதில் தட்டி நிற்கும். பாலியஸ்டர் போட்டால் பல்பு ஒரே இடத்தில் பளிச்சென்று அடிக்கும். ஆகவே பருத்திதான், அதுவும் கஞ்சி போக அலசிய பருத்தி.

அண்ணாச்சியை யாரும் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, காலை ஏழு மணிக்குக் கரிப்பெட்டியோடு அவரே வந்து நின்றார். கரண்ட் பெட்டி இருக்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. முதலில் வேட்டியை இரண்டு தண்ணீரில் அலசச் சொன்னார். கரையை நீளவாக்கில் வெட்டி எடுக்கச் சொன்னார். சிரட்டைக்கரி நன்றாகக் கனன்று சாம்பல் பூக்கும்வரை பெட்டியை வெளியிலேயே வைத்தார். பாதி எரிந்த கரியை உள்ளே கொண்டுவந்தால் பொறி தெறித்து வெள்ளைத் துணியில் பொத்தல் விழும். அடித்தகட்டை வாழையிலையில் தேய்த்தார். இரண்டு பெஞ்சைச் சேர்த்து ஜமுக்காளம் விரித்து, துணி முழுக்கக் காயுமுன், லேசான ஈரத்திலேயே, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனார். மின்பெட்டியைவிடப் பல மடங்கு கனமான பெட்டி. அந்தக் கனத்துக்கே பாதி மடிப்பு படிந்துவிடுகிறது.

இவ்வளவும் தொழில் தெரிந்த எவரும் செய்வதுதான். அடுத்து அவர் செய்தது எங்களில் யாருக்கும் தோன்றாதது. தேய்த்த துணியை மடிக்கவே விடவில்லை. ஒரு மூங்கில் கம்பை எடுத்து வரச்சொல்லி, தேய்க்கத் தேய்க்க அதில் சுற்றிக்கொண்டே வந்தார். கட்டும் இடத்தில் கம்பிலிருந்து விரித்து, மேல் மூலை இரண்டையும் முதலில் இழுத்து, பிறகு கீழ் மூலைகள், கடைசியில் பக்கங்கள் என்று கட்ட வைத்தார். பக்கத்தை முதலில் கட்டினால் நடுவில் தொய்வு விழும், அதை எடுக்கவே முடியாது. கூலி என்று ஒரு வேட்டிக்கு உள்ளதை மட்டும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்த கூத்தைப் பார்க்கக்கூட இல்லை.

அடுத்த முறைக்கும் சிலது எழுதி வைக்கிறோம், மற்ற பள்ளிகளுக்கும் உதவும். ஜன்னலில் தார்ப்பாயைச் சட்டத்தோடு ஒட்டி அடிக்காமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். காற்று வரும், நேர் வெளிச்சம் வராது. பாவை ஆட்டுபவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும், எல்லாக் குரலும் அவருடையதே. மைக்கை மேல்கம்பில் தொங்கவிடுவதுதான் சரி. கூத்து முடிந்ததும் பிள்ளைகளை எட்டெட்டுப் பேராகத் திரைக்குப் பின்னால் அனுப்புங்கள். கை ஈரமில்லாமல் இருக்கட்டும், ஈரம் பட்ட தோல் நெளிந்துவிடும். மறுநாள் காகிதப் பாவை செய்வதென்றால் முதலில் வண்ணம், பிறகுதான் தாளில் வெளிச்சம் ஊடுருவத் தேங்காயெண்ணெய். எண்ணெய் தடவிய தாளில் ஸ்கெட்ச் பேனா பிடிக்காது. தடவிய பின் செய்தித்தாளில் ஒற்றி எடுக்காவிட்டால் அந்த எண்ணெய் முழுக்கத் திரைக்குப் போகும். மூட்டுக்கு நூல் முடிச்சு போதும், உலோக ஊசி துணியைக் கீறும்.

கலைஞருக்குப் பேசிய தொகையை, மழை வந்தாலும் வராவிட்டாலும், அன்றே கையில் கொடுப்பது என்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். திரை பள்ளியில்தான் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் தாராளமாக எடுத்துப் போகலாம், மூங்கிலோடு.

நன்றியுடன்,
ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவும்