வானவில் படத்துக்கு முன்னால் இருந்த சக்கரங்கள்

யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். யோக மரபு முதுகுத்தண்டு நெடுகச் சொல்லும் ஆற்றல் மையங்களான சக்கரங்கள் பற்றிய பாடத்தில் நீங்கள் அச்சிடும் வானவில் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். கீழிருந்து மேலாக மூலாதாரம் சிவப்பு, சுவாதிட்டானம் ஆரஞ்சு, மணிபூரகம் மஞ்சள் என்று ஏறி ஊதாவில் முடிகிறதே, அந்தப் படம். மனப்பாடம் செய்ய எளிது, சரி. ஆனால் இந்த நிற வரிசை 20-ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் சேர்ந்தது. அதைத் தொன்மையான யோக ஞானம் என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள்.

1577-இல் பூர்ணானந்தர் எழுதிய, ஆறு சக்கரங்களை விவரிக்கும் 'ஷட்சக்ர நிரூபணம்' என்ற சமஸ்கிருத நூல் என்ன சொல்கிறது? ஒவ்வொரு சக்கரமும் ஒரு தாமரை. மூலாதாரத்தின் இதழ்கள் சிவப்புத்தான், ஆனால் நடுவே இருப்பது மஞ்சள் சதுரம், அது மண். சுவாதிட்டானத்தில் வெண்பிறை, நீர். மணிபூரகத்தில் சிவந்த முக்கோணம், நெருப்பு. இதயத்தில் உள்ள அநாகதத்தில் புகை நிற அறுகோணம், காற்று. தொண்டையில் உள்ள விசுத்தியில் வெண்ணிற வட்டம், ஆகாயம். ஐம்பூதங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு நிறம், ஒரு பீஜ எழுத்து (வித்தாகிய மந்திர ஒலி). காற்றின் இடத்தில் கறுப்பு மான் நிற்கிறது. அதன் வேகத்தை நினைத்தால் காரணம் தானே புரியும்.

மூலாதாரம் முதல் ஆறாவதான ஆக்ஞை வரை இதழ்களை எண்ணிப் பாருங்கள்: 4, 6, 10, 12, 16, 2. மொத்தம் 50. சமஸ்கிருத எழுத்துகளை ஐம்பதாகக் கொண்டு, இதழுக்கு ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். விசுத்தியின் 16 இதழ்களிலும் உயிரெழுத்துகள். தொண்டையில் உயிரெழுத்து! எனக்கு இதைவிடப் பிடித்த இடம் இந்த மரபில் வேறில்லை.

இந்த அடுக்கு எதற்கு? தியானத்தில் மண்ணை நீரிலும், நீரை நெருப்பிலும், நெருப்பைக் காற்றிலும், காற்றை ஆகாயத்திலும் ஒடுக்க வேண்டும். பருமையிலிருந்து நுண்மைக்குப் போகும் பயிற்சி அது. ஆகாயத்துக்கும் மேலே, புருவ நடுவில் இருக்கும் ஆக்ஞையில் மனம். நிறங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்த ஏற்றம் முழுவதும் மறைந்துபோகிறது. மாணவர் 'என் மஞ்சள் சக்கரம் அடைத்திருக்கிறது' என்பதோடு நின்றுவிடுகிறார்.

சக்கரங்களின் எண்ணிக்கைகூட எல்லா நூல்களிலும் ஒன்றல்ல. ஒன்பது சொல்லும் மரபும் உண்டு. அதையும் மறைக்க வேண்டாம்.

வானவில் படத்தை நீக்கச் சொல்லவில்லை. அதன் கீழே 'நவீன கால விளக்கம்' என்று ஒரு வரி அச்சிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் சதுரமும் பிறையும் முக்கோணமும் எழுத்துகளோடு வரட்டும். அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
யோகம் பயிலும் ஒரு மாணவி