பாதியில் எழுந்து போன அப்பா எழுதுவது

அன்பு மகள் தாமரைக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். அதில் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் நாடகம் பார்க்கப் பெங்களூர் வரைக்கும் வந்து, நீ மேடையில் நிற்கும்போதே எழுந்து வெளியே போனவன் நான். நான் போனது உன் கண்ணில் பட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். "பட்டது" என்று மட்டும் சொன்னாள்.

நீ பென் டிரைவில் போட்டுக் கொடுத்த படங்களில் ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். 'டு பி ஆர் நாட் டு பி', 1942-இல் வந்த படம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தேன். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

படத்தின் தொடக்கம் உனக்கு நினைவிருக்கும். 1939 ஆகஸ்ட், போலந்தின் வார்சா நகரம். நடுத்தெருவில் ஹிட்லர் தனியாக வந்து நிற்கிறான். இவன் எப்படி இங்கே வந்தான் என்று கதை கொஞ்சம் பின்னால் போகிறது. பெர்லினில் ஒரு கெஸ்டபோ அலுவலகம், அதாவது நாஜி ரகசிய போலீஸ். நாஜி உடுப்பில் ஓர் அதிகாரி ஒரு சின்னப் பையனுக்குப் பொம்மை டாங்கி கொடுத்து, அவன் அப்பா ஹிட்லரைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறார் என்று கறக்கப் பார்க்கிறார். அந்த அதிகாரியாக வருபவர் ஜாக் பென்னி, அந்தக் காலத்து அமெரிக்க ரேடியோவின் பெரிய நகைச்சுவை நட்சத்திரம். அப்புறம் ஹிட்லரே உள்ளே வருகிறான். எல்லோரும் கையை நீட்டி அவனை வாழ்த்த, அவனும் கையைத் தூக்கி "எனக்கே வாழ்க" என்கிறான். உடனே நாடக இயக்குநர் கத்துகிறார். அப்போதுதான் இது ஒரு போலிஷ் நாடகக் குழுவின் ஒத்திகை என்று நமக்குப் புரிகிறது.

ஜாக் பென்னியின் அப்பா பெயர் மேயர் குபெல்ஸ்கி. போலந்திலிருந்து அமெரிக்கா போய்ப் பிழைத்த யூதர். சாராயக் கடை வைத்திருந்தார், பிறகு ஆண்களுக்கான துணிக்கடை. மகன் வயலின் வித்வான் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் தியேட்டருக்குப் போய், திரையில் தன் மகன் நாஜி உடுப்பில் நிற்பதைப் பார்த்தார். ஆரம்பத்திலேயே எழுந்து வெளியே போய்விட்டார். இனி அந்தத் தியேட்டரில் கால் வைக்கமாட்டேன் என்றார்.

இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன், தாமரை.

நீ காக்கிச் சட்டையும் ஒட்டு மீசையுமாக வந்து, நிவாரணப் பட்டியலில் பெயர் இல்லாத கிழவியைப் பார்த்து, "வீடு மூழ்கினதுக்குச் சான்று இருக்கா?" என்று கேட்டாய். அரங்கமே சிரித்தது. எனக்கு அந்தக் கிழவி ஆயாவாகத் தெரிந்தாள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னை ஜாஃபர்கான்பேட்டைக்குள் வந்தபோது, ஆயாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவன் நான். இரண்டு ராத்திரி அங்கே இருந்தோம். அதற்கப்புறம் அவள் உடம்பு தேறவே இல்லை. அந்தச் சிரிப்பை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. என் மகளே அந்த ஆளாக நிற்கிறாளே என்று மட்டும்தான் அப்போது மனசில் ஓடியது. அடுத்த காட்சி என்ன என்று பார்க்க நான் இருக்கவில்லை.

குபெல்ஸ்கியும் இருக்கவில்லை. இருந்திருந்தால் சில நிமிடங்களில் அந்த உடுப்பு நாடக உடுப்பு என்று தெரிந்திருக்கும். அதே உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் அந்த நடிகர்கள் கடைசியில் நாஜிகளை ஏமாற்றித் தப்புகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கும்.

கோபப்பட்டவர் அவர் மட்டும் இல்லை. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரௌதர், இதில் என்ன நகைச்சுவை என்று தனக்கு விளங்கவே இல்லை என்று எழுதினார். ரோம் எரியும்போது பிடில் வாசித்த நீரோவோடு இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷை ஒப்பிட்டார். பிலடெல்பியாவில் ஒரு பத்திரிகை, பெர்லினில் பிறந்த இந்த ஆளுக்கு வார்சாவில் குண்டு விழுவது வேடிக்கையாக இருக்கிறது என்ற தொனியில் எழுதியது. அவர் பெர்லினில் பிறந்தது உண்மை, ஒரு யூதத் தையல்காரரின் மகனாக. 1922-இல் ஹாலிவுட் போனவர். 1935-இல் நாஜி அரசு அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பிடுங்கியது. அவரைப் பார்த்து இதைச் சொன்னார்கள். எவ்வளவு வலித்திருக்கும்!

ஆனாலும் அந்த விமர்சகர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலத்தைப் பார். படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கியது. டிசம்பர் 7-இல் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானின் குண்டு விழுந்தது. படம் வெளிவந்த 1942 மார்ச்சில் வார்சா உண்மையாகவே நாஜிகளின் கையில் கிடந்தது. மக்கள் தினமும் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் முதலில் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

அதற்கு முன்னால் ஹாலிவுட்டுக்கு வேறொரு பயம் இருந்தது. மற்ற நாடுகளையும் அவற்றின் தலைவர்களையும் நியாயமாகக் காட்ட வேண்டும் என்று அவர்களுடைய தணிக்கை விதியே சொல்லியது. அந்த விதி முப்பதுகளில் ஹிட்லருக்குத்தான் வசதியாக இருந்தது. 1941 செப்டம்பரில்கூட, நாஜி எதிர்ப்புப் படம் எடுத்து நாட்டைப் போருக்குள் இழுக்கிறார்கள் என்று அமெரிக்க செனட் குழு ஒன்று ஸ்டுடியோக்களை விசாரித்தது. லூபிட்ஷ் இந்தப் பயத்தைப் படத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். 'கெஸ்டபோ' நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும்போது அரசாங்கத்து ஆள் வந்து தடை சொல்கிறார். ஹிட்லர் மனம் கோணக் கூடாதாம். நாடகத்தைத் தூக்கிவிட்டு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் போடுகிறார்கள். ஹிட்லர் எதனாலும் சாந்தமாகவில்லை, போர் வந்துவிடுகிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவர்கள் அந்தச் சான்றிதழ் காட்சியை எடுத்துவிடச் சொல்கிறார்களாம். "செத்தவர்களை வைத்துச் சிரிக்கிறார்கள்" என்று யாரோ எழுதியதையும் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ எடுப்பதா வேண்டாமா என்று தூங்காமல் கிடக்கிறாய் என்றாள். இந்தப் படத்திலும் இரண்டு வசனங்களுக்கு இதே கேள்வி வந்தது. ஒன்றை எடுத்தார்கள். இன்னொன்றை லூபிட்ஷ் விடவில்லை.

எடுத்தது படத்தின் கதாநாயகி கரோல் லம்பார்ட் பேசிய வசனம். போருக்குப் பணம் திரட்டும் கூட்டத்துக்காக அவர் தன் சொந்த மாநிலமான இண்டியானாவுக்குப் போனார். ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் பத்திரங்கள் விற்றுக் கொடுத்தார். 1942 ஜனவரி 16-ஆம் தேதி திரும்பி வரும்போது, லாஸ் வேகாஸ் பக்கத்து மலையில் விமானம் மோதி 22 பேரும் இறந்தார்கள். அவருடைய அம்மாவும் அதில் இருந்தார். லம்பார்டுக்கு 33 வயது. படத்தில் ஒரு விமானியிடம் சிரித்துக்கொண்டே, "விமானத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று அவர் கேட்பதாக ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். நீ அதை அடக்குமுறை என்று சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன். இறந்த பெண்ணின் வாயில் அந்தச் சொல் இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும். வேறென்ன செய்வார்கள்?

விடாத வரி கர்னல் எர்ஹார்ட் பேசுவது. ஜாக் பென்னி நடித்த நாடக நடிகன் ஜோசஃப் டூரா மாறுவேடத்தில் அந்த நாஜி கர்னல் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பிடிபட்டால் உயிர் போகும். அந்த நேரத்திலும் அவனுக்குப் பெருமை ஆசை. டூரா என்று ஒரு பெரிய நடிகர் இருக்கிறாரே, தெரியுமா என்று கேட்கிறான். கர்னல் சொல்கிறான்: ஷேக்ஸ்பியரை அவன் என்ன பாடு படுத்தினானோ, அதைத்தான் நாங்கள் இப்போது போலந்துக்குச் செய்கிறோம். இதை எடுத்துவிடச் சொல்லி லூபிட்ஷின் மனைவியே கேட்டார், சினிமாவில் இருந்த நெருங்கிய நண்பர்களும் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றார். பத்திரிகையில் அதற்குக் காரணமும் எழுதினார். என் படத்தில் சவுக்கடி, சித்திரவதை அறை எதுவும் இல்லை. இந்த நாஜிகள் அதையெல்லாம் தாண்டி வந்தவர்கள். கொடுமை அவர்களுக்கு அன்றாட வேலை. கைப்பை விற்ற கதையைக் கடைக்காரன் பேசுவதுபோல அதைப் பேசுவார்கள் என்றார்.

இதைப் படித்தபோதுதான் உன் காட்சி எனக்குப் புரிந்தது, மகளே. "சான்று இருக்கா?" என்று அந்த ஆள் கத்தவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டான். நம் வீட்டுக்கு வந்தவனும் அப்படித்தான் கேட்டான். சுவரில் சேற்றுக் கோடு தலைக்கு மேலே தெரிகிறது, அவன் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உங்கள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. நீ அப்போது கதவருகில் நின்றிருக்கிறாய் போல. கூட்டம் சிரித்தது ஆயாவைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து. எனக்கு அன்றைக்கு அது பிரித்துத் தெரியவில்லை.

கிரீன்பெர்க் என்ற சின்ன நடிகர் ஒருவர் படத்தில் வருகிறார், பெலிக்ஸ் பிரெஸார்ட் நடித்தது. மேடையில் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் வேடம்தான் அவருக்கு எப்போதும். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலாக்காக நடிக்க வேண்டும் என்று உயிரை வைத்திருக்கிறார். "எங்களைக் குத்தினால் ரத்தம் வராதா? கிச்சுகிச்சு மூட்டினால் நாங்கள் சிரிக்கமாட்டோமா?" இந்த வரிகளை முதலில் மேடைக்குப் பின்னால் நண்பனிடம் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. இடிந்த வார்சாவில், பனியில், அதையே மறுபடி சொல்கிறார். கடைசியில் துப்பாக்கி பிடித்த நாஜிகளுக்கு நடுவில் நின்று சொல்கிறார். வார்த்தை ஒன்றுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிரிப்புப் படம் எடுக்கத் தெரிந்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும்.

காட்சியை வைத்துக்கொள், எடுத்துவிடு என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கிழவிக்கு ஆயாவின் பெயரை வைத்திருக்கிறாயே, அதை மட்டும் மாற்றித் தருவாயா? அது என்னுடைய வலி, உன் நாடகத்தின் குறை இல்லை. முடியாது என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

குபெல்ஸ்கி கதையின் மீதியைச் சொல்லவில்லை. மகன் அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி படம் பார்க்க வைத்தார். அப்புறம் அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய் 46 தடவை பார்த்தாராம். நாலு வருடம் கழித்து, 1946-இல் இறந்தார். லூபிட்ஷ் அடுத்த ஆண்டே போய்விட்டார். அவர் பிறந்த ஜெர்மனியில் இந்தப் படம் திரைக்கு வந்தது 1960-இல்தான்.

ஹாம்லெட்டாக டூரா "இருப்பதா, இறப்பதா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து போவானே, அப்போது டூராவின் முகம் போகிற போக்கைப் பார்த்து முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை.

அடுத்த ஆட்டம் 14-ஆம் தேதி என்று அம்மா சொன்னாள். ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து வை. இரண்டாவது வரிசையில், இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து, எழுந்து போக வழி இல்லாத இடமாகப் பார்த்து எடு.

அன்புடன்,
அப்பா