கிளிப் டியூனர் என்று சொல்லி மைக் டியூனரை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மெல்லிசைக் குழுக் கிட்டார் கலைஞர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இசைக்கருவிகள் இணைய விற்பனைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்ன வகையில் இல்லாத கிட்டார் டியூனரைத் திரும்பப் பெற மறுத்தல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் கிட்டாருக்கு ஒரு கிளிப் டியூனர் (கிட்டாரின் தலையில் கவ்வ வைத்தால் கம்பியின் சுருதியைக் காட்டும் சிறு கருவி) வாங்கினேன். "சத்தமான மேடைக்கும் ஏற்றது, எல்லாக் கம்பி வாத்தியங்களுக்கும் பயன்படும்" என்று அதன் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அந்த இரண்டு வரியை நம்பித்தான் வாங்கினேன். வந்த பொருள் இரண்டுக்குமே உதவாது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "பொருள் நன்றாக இயங்குகிறது, உறையும் பிரிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வருகிறது.

இயங்குவது உண்மைதான். கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் சரியாகவே காட்டுகிறது. ஆனால் நாங்கள் சுருதி சேர்க்கும் இடம் அப்படி இருக்காது. வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரி என்றால் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். ஒரு பக்கம் டிரம்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், இன்னொரு பக்கம் மைக் செட்காரர் "ஹலோ, செக்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கு நடுவில்தான் ஆறு கம்பியையும் சேர்க்க வேண்டும். அங்கே நான் கம்பியைத் தொடாதபோதே உங்கள் டியூனரின் முள் ஆடிக்கொண்டிருந்தது. தடித்த கம்பியை மீட்டினால் ஒரு நொடி 'இ' (E) சுரம் என்று காட்டும், அடுத்த நொடி 'ஏ' (A) என்று தாவும். அந்தக் கம்பியின் அதிர்வெண் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், அடுத்துள்ள 'ஏ' கம்பிக்கு 110. ஜெனரேட்டரும் ஸ்பீக்கர் இரைச்சலும் அதே தாழ்ந்த பகுதியில்தான் உறுமுகின்றன.

வீட்டுக்கு வந்து அதை உற்றுப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. திரைக்குக் கீழே குண்டூசித் தலையளவு ஒரு துளை. மைக் அதற்குள் இருக்கிறது. கிட்டாரின் தலையைக் கவ்வும் பகுதியில் வெறும் ரப்பர்தான். கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாயால் ஒரு சுரம் முனகினாலும் முள் நகர்கிறது. ஆம்ப்ளிஃபயரில் இணைக்காத எலெக்ட்ரிக் கிட்டாரின் தலையில் மாட்டிக் கம்பியை மீட்டினால் அசைவே இல்லை. உண்மையான கிளிப் டியூனரில் அந்தக் கவ்வும் பகுதியில் பீசோ சென்சார் இருக்கும். அது காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை நேரே வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் தவிலே அடித்தாலும் பெரிதாகக் குழம்பாது. மேடைக்காரர்கள் கிளிப் டியூனர் தேடுவதே இதற்காகத்தான். நீங்கள் அனுப்பியது கிளிப் மாட்டிய மைக் டியூனர். அந்த வேலையைச் செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் செயலியே செய்யும்.

அடுத்த குறை. எங்கள் குழுவில் பாடகரின் குரலுக்காகக் கிட்டாரை அரைக்கட்டை இறக்கி வைத்து வாசிப்போம். அப்போது தடித்த கம்பி 82-இலிருந்து 78 ஹெர்ட்ஸ் அருகே வந்துவிடும். பன்னிரண்டு சுரங்களையும் அறியும் குரோமாடிக் டியூனராக இருந்தால் 'இ ஃபிளாட்' என்று காட்டிவிடும். உங்கள் கருவிக்கு இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற வழக்கமான ஆறைத் தவிர வேறொன்றும் தெரியாது. கம்பி இறங்கியிருக்கிறது என்று முள் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. எல்லாக் கம்பி வாத்தியங்களுக்கும் என்று எந்த நம்பிக்கையில் எழுதினீர்கள்? ஜி, டி, ஏ, இ என்று சேர்க்கும் வயலினுக்கு வேண்டுமானால் இது ஒத்துவரலாம். ஆனால் நான்கு கம்பியுள்ள சின்னக் கிட்டார் போன்ற யூகுலேலியில் வரும் 'சி' கம்பிக்கு இதில் இடமே இல்லையே.

இன்னொன்றும் உண்டு. மார்கழியில் பஜனைக்கு வாசிக்கும்போது அங்குள்ள பழைய ஹார்மோனியம், 'ஏ' சுரத்துக்குப் பொது அளவான 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே நிற்கும். அதில் ஒலி எழுப்பும் உலோக நாக்கான ரீடை நாம் மாற்ற முடியாது, கிட்டார்தான் அதன் பின்னால் போக வேண்டும். டியூனரில் அடிப்படையை 441, 442 என்று நகர்த்த வழி இருக்க வேண்டும். இதில் அதற்கான பொத்தானே இல்லை. இதைப் பற்றி உங்கள் பக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் ஊழியர் தொலைபேசியில், "அப்படியென்றால் பெடல் டியூனர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் காலடியில் வைக்கும் பெடல் டியூனருக்குக் கேபிள் வழியாகத்தான் ஒலி போக வேண்டும். பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றிக் கேபிளுக்கு அனுப்பும் பகுதி) உள்ள கிட்டாருக்கு அது அருமையான கருவி. என்னுடையது பிக்அப் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டார், முன்னால் மைக் வைத்து வாசிக்கிறேன். கேபிளை எதில் செருகுவது? என்ன கிட்டார், எங்கே வாசிப்பீர்கள் என்று முதலில் கேட்டிருந்தால் அந்த யோசனையே வந்திருக்காது.

எனக்காவது எது மைக், எது சென்சார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். திருமங்கலத்தில் ஓர் அப்பா தன் பிள்ளைக்கு முதல் கிட்டாரோடு இதையும் சேர்த்து வாங்கினால் என்ன ஆகும்? டியூனர் தவறாகக் காட்டக் காட்ட அந்தப் பிள்ளை கம்பியை முறுக்கிக்கொண்டே போகும், மெல்லிய கம்பி அறுந்துவிடும். தனக்குத்தான் காது சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். இந்தப் புகாரை நான் விடாமல் எழுதுவதற்குப் பணத்தைவிட இதுதான் காரணம்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. உறை பிரித்ததைக் காரணமாகச் சொல்வதும் நியாயமில்லை. பிரிக்காமல் உள்ளே மைக் இருப்பது எப்படித் தெரியும்?

ஆகவே முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள், பொருளை எடுத்துச் செல்லும் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். ஒலியை மைக்கில் வாங்குகிறதா, அதிர்வில் வாங்குகிறதா, கேபிளிலா என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். குரோமாடிக்கா, 440-ஐ மாற்ற முடியுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அதே விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். ரசீது நகல், உங்கள் விளம்பரப் பக்கத்தின் படம், மைக் துளை தெரியும் புகைப்படம், மேடையில் முள் ஆடும் காணொளி நான்கையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.